எதிரியைக் காதலிப்பது எப்படி?

அந்தமானில் ஆங்கிலேயர்கள் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கியது 1858 மார்ச்சில். அடுத்த மாதமே ராஸ் தீவிலிருந்து கைதிகள் கூட்டமாகத் தப்பினார்கள். வெட்டிய மரங்களைச் சேர்த்துக் கட்டி, கடலைக் கடந்து, தெற்கு அந்தமான் காட்டுக்குள் நுழைந்தார்கள். காட்டு வழியே நடந்தால் பர்மாவுக்குப் போய்விடலாம் என்று நம்பியவர்களும் அவர்களில் உண்டு. உணவு தீர்ந்தது. பிறகு அம்புகள் வந்தன. அந்தக் காட்டின் உரிமைக்காரர்களான அந்தமானியர்களுக்கு, ஆங்கிலேயரும் கைதியும் ஒன்றுதான். இருவருமே அழைக்காமல் வந்து மரம் வெட்டியவர்கள். தப்பியவர்களில் பலர் மாண்டார்கள். திரும்பி வந்து பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கண்காணிப்பாளர் வாக்கர் தூக்கிலிட்டார்.

காட்டில் உயிர் தப்பியவர்களில் ஒருவர் தூத்நாத் திவாரி. 1857 கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்ட சிப்பாய். அம்புக் காயங்களோடு கிடந்தவரை அந்தமானியர்கள் ஏனோ கொல்லவில்லை. காயத்துக்கு மண் பூசினார்கள். தலையை மழித்தார்கள். தங்களோடு தீவுக்குத் தீவு அழைத்துச் சென்றார்கள். லீபா என்ற பெண்ணையும் ஜிகா என்ற இன்னொரு பெண்ணையும் மணம் செய்து கொடுத்தார்கள். ஓராண்டுக்கு மேல் அவர்களில் ஒருவராகவே அவர் வாழ்ந்தார். 1859 மே மாதத்தில், அபர்தீன் முகாமைத் தாக்க அவர்கள் திரளாகக் கிளம்பியபோது, திவாரி முன்கூட்டியே ஓடி வந்து ஆங்கிலேயரிடம் செய்தியைச் சொன்னார். மே 17 அன்று நடந்த அந்தச் சண்டையில் வில்லுக்கு எதிரே துப்பாக்கியும் பீரங்கியும் தயாராக நின்றன. திவாரிக்கு மன்னிப்பு கிடைத்தது, ஊர் திரும்பினார். லீபா அப்போது கர்ப்பிணி.

எம்.வி.போர்ட்மன் 1899-இல் வெளியிட்ட அந்தமானியர் வரலாற்றில் இந்தச் சம்பவம் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. பகை, காயம், கருணை, மணம் என எல்லாம் வரிசையாக இருக்கின்றன. தொடர்கதை எழுதுகிறவர் தேடி அலையும் சரக்கு இது. ஆனாலும் இதைக் காதல் கதையாக எழுத முடியாது. துரோகத்தில் முடிகிறது என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை. வேறொரு காரணம் இருக்கிறது. அது, எதிரிகள் காதலர்களாக மாறும் கதைகளை எழுத நினைக்கும் எல்லோருக்கும் ஒரு பாடம்.

இந்த வகைக் கதைக்கு இன்று உலகம் முழுக்கச் சந்தை இருக்கிறது. ஆங்கிலப் புத்தகக் கடைகளில் இதற்கென்றே தனி அடுக்கு வைக்கிறார்கள். தமிழில் மாத நாவல்களும் வாரத் தொடர்களும் பல ஆண்டுகளாக இதை நம்பித்தான் ஓடின. முதல் அத்தியாயத்தில் அவள் அவனை வெறுப்பாள். அவன் அவளை அலட்சியமாகப் பார்ப்பான். கடைசி அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்பது அட்டைப்படத்தைப் பார்த்ததுமே வாசகிக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் படிக்கிறாள்?

முடிவு தெரிந்திருப்பதால்தான் படிக்கிறாள். இவர்கள் சேரப்போகிறார்கள் என்பது நிச்சயமானால், எப்படிச் சேரப்போகிறார்கள் என்பதே புதிராகிவிடும். சண்டையின் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பொருள் வந்துவிடும். கோபமாகச் சொன்னதை அவள் கோபமாக மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டாள். கண்டதும் காதலில் இந்த வசதி கிடையாது. அங்கே காதலர்களுக்கு வெளியிலிருந்துதான் தடை வரவேண்டும்: அப்பா, சாதி, பணம், வில்லன். பகையில் தொடங்கும் கதைக்கு வெளியாள் தேவையில்லை. தடை அந்த இருவருக்குள்ளேயே இருக்கிறது. வாரம் ஒரு அத்தியாயம் எழுத வேண்டியவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

இன்னொரு காரணம் இன்னும் ஆழமானது. நம்மை நன்றாகத் தெரிந்தவர்கள் நண்பர்கள். நம் குறைகளை நன்றாகத் தெரிந்தவர்கள் எதிரிகள். குறைகளை மட்டுமே பார்த்த ஒருவர், அவற்றையெல்லாம் வைத்துக்கொண்டே நம்மை விரும்புவார் என்றால், அந்த விருப்பத்தில் ஏமாற்றம் இருக்காது. அலங்காரம் செய்துகொண்டு பெண் பார்க்கும் படலத்தில் உட்கார்ந்த தலைமுறைகளுக்கு இந்தக் கற்பனை எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

தமிழ் மரபுக்கு இது புதிதா? ஊடல் நமக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். திருக்குறளே ஊடலுவகை என்ற அதிகாரத்தோடுதான் முடிகிறது. ஆனால் ஊடல் வேறு, பகை வேறு. ஊடல் காதலுக்குப் பின்னால் வருவது. அங்கே நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சீண்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவே. பகைக் கதையில் நம்பிக்கையே இனிமேல்தான் பிறக்க வேண்டும். அகத்துறைக் கவிஞர்கள் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை.

புறத்துறையில் ஒரு வாசல் இருந்தது. புறநானூற்றில் மகட்பாற்காஞ்சி என்ற துறையில் வரிசையாகப் பாடல்கள் இருக்கின்றன. வேந்தன் படையோடு வந்து பெண் கேட்கிறான். குடித்தலைவனான தந்தை மறுக்கிறான். ஊர் அழியப்போகிறதே என்று புலவர் கவலைப்படுகிறார். பெண்ணின் அழகு பாடப்படுகிறது, தந்தையின் மானம் பாடப்படுகிறது, ஊரின் வளம் பாடப்படுகிறது. அந்தப் பெண் அந்த வேந்தனைப் பற்றி என்ன நினைத்தாள் என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை. ஒரு நாவலாசிரியருக்கு வேண்டிய கதை அந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

மதுரைப் புராணம் இன்னும் துணிச்சலானது. பாண்டியன் மகள் தடாதகை எட்டுத் திசையையும் வென்று, கடைசியில் கயிலைக்கே படையெடுத்துப் போகிறாள். போர்க்களத்தில் எதிரே வந்து நின்ற சிவனைக் கண்டதும் போர் நின்று போகிறது; திருமணம் நடக்கிறது. ஆண்டுதோறும் சித்திரையில் லட்சக்கணக்கானோர் கூடும் மீனாட்சி திருக்கல்யாணம், எதிரியாகப் போய் மனைவியாகத் திரும்பிய ஒருத்தியின் கதைதான். இதில் கவனிக்க வேண்டியது, அவள் தோற்றுப்போய்க் காதலிக்கவில்லை என்பது. வென்றுகொண்டே வந்தவள் அவள். வில்லைக் கீழே வைத்தது அவள் முடிவு. அந்த வலிமையைக் காதல் வந்த கணத்திலேயே புராணம் அடக்கிவிடுகிறது என்று இன்று வாதிடலாம். ஆனாலும் அவள் நாட்டுக்குத் திரும்பியது மதுரை அரசியாக.

அதே மதுரையை ஆண்டதாக நாட்டுக் கதை சொல்லும் அல்லிக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை. ஆண்களை வெறுத்த அரசி அவள். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அல்லி அரசாணி மாலையில், அர்ச்சுனன் கண்ணனின் உதவியால் பாம்பு உருவில் அவள் படுக்கையறைக்குள் நுழைகிறான்; அவள் உறங்கும்போது தாலி கட்டுகிறான். தெருக்கூத்திலும் நாடக மேடையிலும் தலைமுறை தலைமுறையாகக் கைதட்டல் வாங்கிய காட்சி. ஆனால் தடாதகை விழித்திருந்தாள், அல்லி உறங்கிக்கொண்டிருந்தாள். இந்த வகைக் கதைகளின் எல்லாச் சிக்கலும் இந்த வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும்.

பத்திரிகைத் தொடர்கதையில் இந்தப் பகைக் காதலைத் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கியதில் கல்கிக்குப் பெரும் பங்கு உண்டு. ‘பார்த்திபன் கனவு’ நாவலில் சோழ இளவரசன் விக்கிரமனின் தந்தை, பல்லவ நரசிம்மவர்மனோடு போரிட்டு மாண்டவர். நரசிம்மவர்மனின் மகள் குந்தவி. சங்கிலியால் கட்டுண்ட கைதியாகப் போகும் விக்கிரமனை அவள் பார்க்கிறாள். அவன் கண்காணாத செண்பகத் தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான். அரசியல் குற்றவாளியைத் தீவுக்கு அனுப்புவது என்றால் என்ன என்று, அந்தமான் செல்லுலார் சிறையை அறிந்திருந்த 1940-களின் வாசகர்களுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. விக்கிரமன் இரத்தின வியாபாரியாகத் திரும்பி, வழியில் நோயில் விழ, அவனுக்குப் பணிவிடை செய்பவள் அதே குந்தவி. உறையூரை மீட்பதா, பல்லவன் மகளை மணப்பதா என்ற திண்டாட்டத்தைக் கல்கி கடைசிவரை இழுத்துப் பிடிக்கிறார்.

ஆனால் நுட்பமாகப் பார்த்தால், விக்கிரமனும் குந்தவியும் ஒருவரையொருவர் வெறுக்கவே இல்லை. வெறுப்பு குடும்பங்களுக்கிடையில் இருந்தது. முதல் பார்வையிலேயே இருவர் மனமும் போய்விட்டது. பகையை உடம்பில் ஏற்றிக்கொண்ட பாத்திரம் வேண்டுமென்றால் ‘பொன்னியின் செல்வன்’ நந்தினியிடம்தான் போக வேண்டும். அங்கேயோ கதை தலைகீழ். காதலர்களாக இருந்தவர்கள் எதிரிகளாகிறார்கள். கரிகாலனைக் கொல்ல நினைக்கும் நந்தினியை வாசகர்கள் எழுபதாண்டுகளாக மறக்கவில்லை. காதலிலிருந்து பகைக்கு இறங்குவது எளிது. எந்த எழுத்தாளரும் நம்ப வைத்துவிடுவார். பகையிலிருந்து காதலுக்கு ஏறுவதில்தான் பலருக்கும் மூச்சு வாங்குகிறது.

மூச்சு வாங்கியவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி, அடக்குதல். திமிர் பிடித்த பணக்காரப் பெண், அவளை வழிக்குக் கொண்டுவரும் ஆண். ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரி நாடகம் 1963-இல் சிவாஜி, பானுமதி நடித்த ‘அறிவாளி’யாக வந்தது. ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972), ‘மன்னன்’ (1992) என்று அந்த வரிசை நீண்டது. எல்லாம் ரசித்துப் பார்க்கப்பட்ட படங்கள். வசனத்தில் பானுமதியையோ ஜெயலலிதாவையோ யாரும் எளிதில் ஜெயித்துவிட முடியாது என்பதால், முதல் பாதியில் பொறி பறக்கும். இரண்டாம் பாதியில் ஒரு தரப்பு மட்டும் மாறும். எதிரிகளாக இருந்தவர்கள் இருவர், திருந்தியவர் ஒருவர். இது காதல் கதை இல்லை, சரணாகதிக் கதை. மாத நாவல்களிலும் இதே நோய் பரவியது. கட்டாயக் கல்யாணம், கோபக்காரக் கணவன், அவன் அறைந்ததற்குப் பின்னால் ஒளிந்திருந்த அன்பு என்று எழுதியவர்களும் பெண்களே, படித்தவர்களும் பெண்களே. விலகிப்போக வழியில்லாத வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு, அந்தக் கடுமைக்குள் அன்பு இருக்கிறது என்று நம்பிக்கொள்ளத் தேவைப்பட்டது. அந்தத் தேவையைக் கேலி செய்வது சுலபம், நியாயமில்லை.

ஆனால் அதே சூழலில் வேறு வழியும் சாத்தியம் என்று 1986-இல் வந்த ‘மௌன ராகம்’ காட்டியது. விருப்பமில்லாமல் கல்யாணம் செய்துகொண்ட திவ்யா, கணவனிடம் கேட்கும் பரிசு விவாகரத்து. அவன் அதற்கு ஒப்புக்கொண்டு காகிதத்தை வாங்கி வந்து தருகிறான். அதற்குப் பிறகுதான் அவள் அவனைப் பார்க்கத் தொடங்குகிறாள். அவனும் சும்மா காத்திருக்கவில்லை. காயப்பட்டு, விலகி, தன் பங்குக்குக் கோபப்படுகிறான். விடுதலைக்கான காகிதம் வீட்டுக்குள் இருப்பதால், அவள் தங்குவது அவள் எடுத்த முடிவு ஆகிறது. ஒருவேளை அந்தக் காகிதம் இல்லாமல் இதே காட்சிகள் நடந்திருந்தால், அது இன்னொரு அடங்கிப்போன மனைவியின் கதையாகியிருக்கும்.

ஜேன் ஆஸ்டின் 1813-இலேயே இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டார். அவருடைய எலிசபெத், டார்சி என்ற பணக்காரன் முதல் முறை கேட்கும்போது முகத்துக்கு நேரே மறுக்கிறாள். அதுவும் நாவலின் நடுப்பகுதியில். மறுத்த பிறகு அவன் பழிவாங்கவில்லை. ஒரு கடிதம் எழுதித் தன் பக்கத்தைச் சொல்கிறான், அவளுடைய குடும்பத்துக்கு அவளுக்கே தெரியாமல் உதவுகிறான், பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. அவளும் தன் முடிவு எவ்வளவு அவசரமானது என்று தனியாக உட்கார்ந்து யோசிக்கிறாள். இருவரும் பாதிப் பாதி வழி நடந்து வருகிறார்கள். இருநூறு ஆண்டுகளாக இந்த வகையில் எழுதும் எல்லோரும் அந்தப் புத்தகத்துக்குக் கடன்பட்டவர்கள். அந்த மறுப்பின் பலத்தைப் பார்க்காமல், வாய்ச்சண்டையை மட்டும் கடன் வாங்கியவர்கள்தான் அதிகம்.

எழுதுகிறவர் சந்திக்கும் கஷ்டங்கள் இங்கிருந்து தெளிவாகின்றன. முதலாவது, பகைக்கான காரணம். ஒரு கடிதம் கைமாறிப் போனது, யாரோ கோள் சொன்னது என்றால் அது தவறான புரிதல், பகை இல்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் விஷயத்துக்கு முந்நூறு பக்கம் செலவழித்தால் வாசகி புத்தகத்தை மூடிவிடுவாள். அதற்கு நேரெதிராக, காரணம் மன்னிக்கவே முடியாததாக இருந்தால், காதல் வரும்போது அருவருப்பும் கூடவே வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு காரணம் வேண்டும்: இருவர் பக்கமும் நியாயம் இருக்கிற, பேசினாலும் தீராத ஒன்று. இரண்டாவது கஷ்டம், மாறும் கணம். வெறுப்பு ஒரே இரவில் போவதில்லை. முதலில் எதிரியின் திறமை மீது வேண்டாவெறுப்பான மரியாதை வர வேண்டும். பிறகு அவன் இல்லாத நாளில் சண்டைக்கு ஆளில்லாத வெறுமை. அதற்கும் பிறகு, ‘நான் நினைத்தது தப்பு’ என்று ஒப்புக்கொள்ளும் அவமானம். இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிக் குதித்தாலும் கதை சரிந்துவிடும். மூன்றாவது, மன்னிப்பு. செய்த காயத்துக்கு விலை கொடுக்காமல் கிளைமாக்ஸில் ஒரு விபத்தை வைத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கண்ணீர் விடவைப்பது மோசடி.

இதற்கெல்லாம் களம் தேடுகிறவர் கராச்சர்மாவைப் பார்க்கலாம். திவாரி ஓடிவந்து சேர்ந்த அபர்தீனிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, போர்ட் பிளேரின் புறநகர் அது. 2024 முதல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அந்தமானில் யாருடைய பாட்டனும் சாதாரணமாக வந்து சேர்ந்தவர் இல்லை. 1857 கிளர்ச்சிக்காரர்களும் கொலைக் குற்றவாளிகளும் சங்கிலியோடு வந்தார்கள். 1921-க்குப் பிறகு மாப்ளா கைதிகள் வந்தார்கள். ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்குத் தொழிலாளர்கள் வந்தார்கள். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காள அகதிகள் குடியமர்த்தப்பட்டார்கள். தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் வேலை தேடிக் கப்பலேறினார்கள். தெருவில் எல்லோருக்கும் பொது மொழி ஹிந்துஸ்தானி.

கைதிகளின் வாரிசுகளை அங்கே ‘லோக்கல் பார்ன்’ என்பார்கள். அந்தச் சமூகம் உருவானதே விசித்திரமான திருமணங்களால். நன்னடத்தையோடு குறிப்பிட்ட காலம் கழித்த ஆண் கைதிக்கு, பெண்கள் சிறையிலிருந்து மனைவியைத் தேர்ந்தெடுக்க அனுமதி கிடைத்தது. சாதியும் மதமும் மொழியும் வேறுவேறான இருவர், சர்க்கார் அனுமதியோடு குடும்பம் ஆனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஒருவரையொருவர் நேசித்திருப்பார்கள். ஆனால் சிறைக்குத் திரும்புவதா, இந்த ஆளோடு போவதா என்ற தேர்வில் காதல் எங்கே தொடங்கியது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல நாவலாசிரியர் வேண்டும்.

இன்றைய கராச்சர்மாவிலும் பகைக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அந்தமானின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், 1942-க்கு முன் குடியேறியவர்களின் வாரிசுகள், வங்காளக் குடியேறிகள், கரேன், மாப்ளா, பாந்து பிரிவினர் இடம்பெற்றிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்த ஒரு தமிழ்ப் பெண்ணும், கைதியின் கொள்ளுப்பேரனான ஒரு பையனும் ஒரே அரசு வேலைக்கு மனுப் போடுவதாக வைத்துக்கொள்வோம். மதிப்பெண் அவளுக்கு, வேலை அவனுக்கு. அவள் கேட்பாள்: “நானும் இங்கேதானே பிறந்தேன்?” அவன் கேட்பான்: “என் பாட்டன் சங்கிலியோடு வந்தார். உன் தாத்தா டிக்கெட் வாங்கிக்கொண்டுதானே வந்தார்?” இரண்டுமே பொய்யில்லை. உட்கார்ந்து பேசினாலும் தீராது. யார் மண் இது என்ற கேள்வி அந்தச் சண்டைக்குள் இருக்கிறது. இவர்களைக் காதலிக்க வைக்க, அவன் வேலையை ராஜிநாமா செய்வது மலிவான தீர்வு. அவள் மறந்துவிடுவது அதைவிட மலிவு. தன் உரிமைக்கு அடியில் இன்னொருவரின் இழப்பு இருக்கிறது என்பதை இருவரும் பார்க்க வேண்டும்.

அந்த இழப்பின் அடியில் இன்னொன்றும் இருக்கிறது. மண் தங்களுடையது என்று சொல்லக்கூடிய முதல் உரிமைக்காரர்கள் லீபாவின் மக்கள். குடியேற்றம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர்கள், வந்தவர்கள் கொண்டுவந்த அம்மையாலும் மேகநோயாலும் அழிந்து, இன்று சில பத்துப் பேராகச் சுருங்கியிருக்கிறார்கள். லீபா-திவாரி கதை காதல் கதையாக முடியாததன் காரணம் இங்கேதான் இருக்கிறது. அது திவாரி சொன்ன வாக்குமூலம்; அதிலும் ஆங்கிலேய அதிகாரிகளிடம், மன்னிப்பு வேண்டி நின்ற கைதி சொன்னது. காட்டில் அவர் உயிர் அவர்கள் கையில் இருந்தது. முகாமில் அவர்கள் உயிர் அவர் கையில் இருந்தது. மறுக்கும் உரிமை ஒரே நேரத்தில் இருவருக்கும் இருந்ததே இல்லை. பழங்குடிப் பெண்ணை நாயகியாக்கிக் காதல் கதை எழுதலாமே என்று யாருக்காவது ஆசை வந்தால், 1956-இலிருந்து அந்தமான் பழங்குடிகளுக்கெனத் தனிப் பாதுகாப்பு விதிகள் ஏன் இருக்கின்றன என்பதை முதலில் யோசிக்க வேண்டும். வெளியார் காட்டிய பிரியம் அந்த மக்களுக்கு எப்போதும் நல்லதாக முடிந்ததில்லை.

எதிரிகளைக் காதலர்களாக்க விரும்பும் எழுத்தாளர் முதல் அத்தியாயத்துக்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இவள் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டுப் போனால் எங்கே போவாள்? போக ஒரு வேலையோ, வீடோ, தோழியோ, கப்பல் டிக்கெட்டோ இருந்தால், அவளைக் கடைசி அத்தியாயம்வரை தைரியமாகச் சண்டை போடவிடலாம். அப்படிப்பட்டவள் தானாக ஒரு நாள் திரும்பி வந்தால், வாசகி நம்புவாள்.